பழைய வேலி, பக்கத்து நிலம்: எல்லைத் தகராறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்ததெல்லாம் கொங்குப் பக்கம், காங்கேயம் தாராபுரம் சுற்று வட்டாரம். சங்கிலி போய் டேப் வந்தது, டேப் போய், செயற்கைக்கோளை வைத்து அளக்கும் டி.ஜி.பி.எஸ். வந்தது. கேள்விகள் மட்டும் மாறவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் வேலித் தகராறைத்தான் எடுக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். ஏற்கெனவே கோர்ட்டில் வழக்கு நடப்பவர்கள் உங்கள் வக்கீல் சொல்வதையே கேளுங்கள்.

எங்க அப்பாரு காலத்துல இருந்து வேலி அங்கதானுங்க இருக்குது. அப்ப அதுதானே எல்லை?

வேலி நிற்கும் இடம் எல்லையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எல்லையைச் சொல்வது பத்திரமும் சர்வே அளவும். வேலி, யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு நாள் போட்டது. ஆடு மாடு தாண்டாமல் இருக்கப் போட்டிருப்பார்கள். பாறை இருந்த இடத்தில் குழி தோண்ட முடியாமல் மூன்றடி தள்ளிப் போட்டிருப்பார்கள். அண்ணன் தம்பி ஒன்றாக இருந்த காலத்தில் சும்மா ஒரு மறைப்புக்குப் போட்டதும் உண்டு.

ஆனாலும் பழைய வேலியை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது. இரண்டு தலைமுறை இரண்டு பக்கமும் அதை ஒப்புக்கொண்டு உழுதிருந்தால், வீடு கட்டியிருந்தால், கோர்ட் அதைச் சாட்சியமாகப் பார்க்கும். அதனால் என்னிடம் வருபவர்களிடம் வேலி எத்தனை வருஷமாக இருக்கிறது என்று முதலில் கேட்பதில்லை. யார் போட்டது, யாரைக் கேட்டுப் போட்டது, அன்று இரண்டு நிலமும் யார் பேரில் இருந்தது என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

பட்டா என் பேர்ல இருக்கு சார். அது போதாதா?

போதாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. யார் பேரில் வரி, எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு என்பது அதில் இருக்கும். உரிமைக்கு அடிப்படை பத்திரம்தான் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதும் பட்டாவில் இருக்காது. அதற்குப் புலப்படம், அதாவது எஃப்.எம்.பி. வேண்டும்.

தகராறு என்று வந்தால் நான் கேட்கும் காகிதங்கள்: உங்கள் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு (கிராமத்தின் புல எண்வாரியான நிலக் கணக்கு) நகல், எஃப்.எம்.பி. நகரமாக இருந்தால் டவுன் சர்வே பதிவேடும் வரைபடமும். முடிந்தால் பக்கத்து நிலத்துக்காரரின் பத்திர நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். அவர் பத்திரத்தில் உங்கள் பக்கத்து எல்லை எப்படி எழுதியிருக்கிறது என்பதில்தான் பல வழக்குகள் முடிகின்றன.

பத்திரத்துல தென்வடல் ஜாதியடி 40-னு இருக்கு. அளந்தா 38 தான் வருது. அந்த ரெண்டு அடி பக்கத்து வீட்டுக்காரன்கிட்டதானே இருக்கணும்?

அவசியமில்லை. உங்களுக்கு வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர், முன்னால் ரோடு. மூன்று பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். எங்கேயும் போகாமலே இருக்கலாம், எழுதும்போதே 38 அடிதான் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் நேரில் அளக்காமல், பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிய அளவுகள் ஏராளம்.

இன்னொரு விஷயம். பத்திரத்தில் எழுதிய நான்கெல்லைக்கும் அளவுக்கும் முரண் வந்தால், பொதுவாக நான்கெல்லையைத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். ‘வடக்கு: இன்னார் வீட்டு வேலிக்குத் தெற்கு’ என்று எழுதியிருந்தால் நீங்கள் வாங்கியது அந்த வேலி வரைக்கும்தான். 40 என்ற எண்ணை வைத்துக்கொண்டு வேலியைத் தாண்ட முடியாது. அதே வரி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். பத்திரத்தை எடுத்து, அளவைப் படிக்கும் முன் நான்கெல்லையைப் படியுங்கள்.

எஃப்.எம்.பி.யை நெட்டுல டவுன்லோடு பண்ணி ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். வேலி ஒன்றரை மீட்டர் எங்க பக்கம் வந்திருக்கு.

ஸ்கேலைக் கீழே வைத்துவிடுங்கள். கிராமப் புலப்படங்கள் பெரும்பாலும் 1:1000 அல்லது 1:2000 அளவில் வரைந்தவை. 1:2000 என்றால் காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் இரண்டு மீட்டர். பேனாக்கோட்டின் தடிமனே தரையில் ஒரு மீட்டர் வரும். பிரிண்டர் தாளுக்குள் அடங்கக் கொஞ்சம் சுருக்கி அச்சடித்தால் மொத்தமும் போச்சு.

படத்தில் பார்க்க வேண்டியது கோடுகளை அல்ல, கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்களை. புலத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஓடும் ஜி லைன், அதிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் செங்குத்தாக எடுத்த தூரம் எல்லாம் எண்ணாக இருக்கும். அந்த எண்ணைத்தான் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய படம் கையில் இருந்தால் கூடுதல் கவனம்: அதில் இருப்பது அடியோ மீட்டரோ அல்ல, லிங்க்ஸ். 100 லிங்க்ஸ் 66 அடி. 150 என்று போட்டிருப்பதை 150 அடி என்று படித்து, பக்கத்துக்காரர் 51 அடி பிடித்துவிட்டார் என்று புகார் எழுதிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு வெறும் 99 அடி.

போன்ல ஜி.பி.எஸ். ஆப் இருக்கே, அதுல நடந்து அளந்தா?

திறந்த வெளியிலேயே போன் ஜி.பி.எஸ். நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். தென்னந்தோப்புக்குள் இன்னும் மோசம். மொத்தம் எத்தனை ஏக்கர் என்று குத்துமதிப்பாகப் பார்க்கலாம். அடிக்கணக்குத் தகராறுக்கு உதவாது. கூகுள் படத்தின் மேல் சர்வே கோட்டை ஒட்டிக் காட்டும் ஆப்களும் அப்படித்தான்.

பட்டாவுல 5 சென்ட் குறையுது, பத்திரத்துல சரியா இருக்கு. யு.டி.ஆர். சர்வேயில விட்டுட்டாங்கன்னு சொல்றாங்க.

இருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த அந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில்தான் லிங்க்ஸ் கணக்கு மீட்டருக்கும், ஏக்கர் சென்ட் எல்லாம் ஹெக்டேர் ஏருக்கும் மாறின. பெயர் மாறியது, உட்பிரிவு விட்டுப்போனது, பரப்பு கூடக் குறைய ஏறியது எல்லாம் நடந்தது. மாற்றிப் பார்க்க: ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பல கிராமப் பட்டாக்களில் பரப்பு அரை ஏர் அரை ஏராகவே ஏறியிருப்பதைப் பார்க்கலாம். அரை ஏர் என்பதே 538 சதுர அடி. ஆகவே அரை சென்ட் ஒரு சென்ட் வித்தியாசம் அந்த முழுமையாக்கலில் வந்ததாக இருக்கும், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பல்ல.

5 சென்ட் என்பது அப்படித் தள்ளிவிடும் அளவு இல்லை. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலும் பழைய புலப்படமும் எடுத்து, பத்திரத்தோடு சேர்த்து கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலரிடம் பிழைத்திருத்த மனு கொடுக்கலாம். பக்கத்து நிலத்துக்காரருக்கும் நோட்டீஸ் போய், விசாரணை நடந்துதான் உத்தரவு வரும். அவர் ஆட்சேபித்து, அது உரிமைத் தகராறு என்று தெரிந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

சர்வேயரைக் கூப்பிட என்ன பண்ணணும்? நேரா போய்ச் சொன்னா வருவாரா?

நேரில் சொல்லி அழைத்து வந்து அளப்பது அளவே இல்லை, அதற்குக் காகிதம் இருக்காது. எல்லையை அளந்து அத்து (எல்லைக்கோடு) காட்டக் கோரி விண்ணப்பித்து, அரசுக் கட்டணம் கட்ட வேண்டும். இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குறுவட்ட அளவர் நாள் குறித்து உங்களுக்கும் அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கும் நோட்டீஸ் கொடுப்பார். இந்த நோட்டீஸ் முக்கியம். பக்கத்துக்காரருக்குத் தெரியாமல் அளந்தது பின்னால் எங்கேயும் நிற்காது.

அரசு உரிமம் பெற்ற தனியார் அளவரையும் வைத்து அளக்கலாம். முதலில் உண்மை நிலவரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள அது நல்லது. தகராறுக்கு மட்டும் துறை அளவைதான் எடுபடும்.

அளக்கிற அன்னைக்கு நான் எதைக் கவனிக்கணும்? எனக்கு ஒண்ணும் புரியாதே.

ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: எங்கிருந்து ஆரம்பிக்கிறார். தகராறில் இருக்கும் வேலியிலிருந்தோ, உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தோ ஆரம்பித்தால் அந்த அளவை முழுக்கச் சந்தேகம்தான். பழைய சர்வே கற்களில் குறைந்தது இரண்டு மூன்றைக் கண்டுபிடித்து, அவற்றுக்குள் தூரம் படத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒத்துவந்தால்தான் கல் இடம் மாறவில்லை என்று அர்த்தம். தேவைப்பட்டால் உங்கள் புலத்தைத் தாண்டி, நாலு புலம் தள்ளிப் போய்க்கூடக் கல் தேடுவார். நம்ம வேலியை விட்டுவிட்டு எங்கேயோ போகிறாரே என்று சத்தம் போடாதீர்கள். சரியான சர்வேயர் அப்படித்தான் போவார்.

கல் கண்ணுக்குத் தெரியாது. வரப்பில் மண் ஏறி ஓரடி ஆழத்தில் கிடக்கும். கடப்பாரையால் குத்திக்கொண்டே வரும்போது மண்ணில் இறங்குகிற சத்தம் மாறி ‘ணங்’ என்று கேட்கும். தோண்டி, மேல்முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் உளியால் வெட்டிய குறி தெரியும். குறி இல்லாவிட்டால் அது யாரோ துணி துவைக்கப் போட்ட கல்லாகவும் இருக்கும். அப்புறம் டேப். கிளுவை முள்ளில் மாட்டிக்கொண்டு டேப் வளைந்து கிடக்கும், அதோடு படித்தால் நூறடிக்கு ஒரு சாண் சும்மாவே பிழைக்கும். இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அளந்த குறிப்பில் என்ன எழுதுகிறார் என்று கேட்டு, கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். உங்களுக்கு ஒப்பாவிட்டால் ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

பக்கத்துக்காரர் வரவே மாட்டேங்கிறார். கையெழுத்தும் போட மாட்டாராம்.

நோட்டீஸ் கொடுத்ததற்கு அத்தாட்சி இருந்தால் அவர் இல்லாமலும் அளக்கலாம். வராததையும் குறிப்பில் எழுதுவார்கள். பிறகு அவர் அளவு தப்பு என்றால் மேல் அலுவலரை வைத்து மறு அளவை கேட்கலாம்: வட்டத் துணை ஆய்வாளர், அதற்கு மேல் மாவட்டத்தில் நில அளவை உதவி இயக்குநர். உங்களுக்குப் பாதகமாக வந்தால் உங்களுக்கும் அதே வழிதான்.

அரசே மொத்தக் கிராமத்தையும் மறு சர்வே செய்து, 1923-ஆம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லையைத் தீர்மானித்து அறிவிக்கை வெளியிட்டால் கதை வேறு. அதை எதிர்த்து சிவில் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். டவுன் சர்வே நடந்த ஊர்களில் இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய.

கிளுவை வேலிங்க, அஞ்சடி அகலத்துக்குப் பெருத்துக் கிடக்குது. எல்லை அதுல எந்தப் பக்கம்?

எங்கள் பக்கம் அதிகம் வரும் கேள்வி இது. கொரங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு) நடும்போது அது ஒரு சாண் அகல வரிசை. வெட்டிவிடாமல் பத்து வருஷம் விட்டால் இரண்டு பக்கமும் சரிந்து, முள்ளும் கொடியும் ஏறி, சிறு காடாகிவிடும். வெட்டுகிறவன் பக்கம் ஒதுங்கியும் வெட்டாதவன் பக்கம் பெருத்தும் போகும். இப்படியே வேலி ‘நகரும்’. கம்பி வேலி இந்த வம்பு பண்ணாது.

தழை எதுவரைக்கும் நிற்கிறது என்று பார்க்காதீர்கள். உள்ளே குனிந்து அடிமரத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் நட்ட தடித்த தூர்கள் ஒரு வரிசையில் இருக்கும், பின்னால் முளைத்தவை மெலிந்து அங்கங்கே இருக்கும். அந்தத் தடித்த தூர் வரிசைதான் பழைய வேலிக்கோடு. அது சர்வே கோட்டின் மேல் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தன் செலவில் போத்து நட்டவர் பெரும்பாலும் தன் நிலத்துக்குள் ஓரடி தள்ளித்தான் நட்டிருப்பார், இரண்டு பக்கமும் நின்று வெட்ட வேண்டுமே. அதனால் வேலிக்கு வெளியே ஓரடி அவருக்குச் சொந்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. வழக்கமாக அந்த வேலியை வெட்டி விறகு எடுத்தவர் யார் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். நல்ல சாட்சி அது.

பன்னெண்டு வருஷம் வேலி போட்டு வச்சுக்கிட்டா நிலம் அவங்களுக்கே ஆயிடும்னு சொல்றாங்களே?

சட்டத்தில் அப்படி ஒன்று உண்டு, ஆனால் டீக்கடையில் சொல்வது போல அவ்வளவு சுலபம் இல்லை. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தன் நிலத்தை வேறொருவர் எதிரிடையாக அனுபவிப்பதை எதிர்த்து மீட்க உரிமையாளருக்கு 12 ஆண்டு அவகாசம். அது முடிந்தால் அவருடைய உரிமையே அற்றுப்போகும். இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறார்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு அனுபவிப்பவருடையது. வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாளரின் அனுமதி இல்லாமல், ‘இது உன்னுடையது என்று தெரியும், ஆனால் நான் என்னுடையதாகவே வைத்திருக்கிறேன்’ என்ற தோரணையில் அனுபவித்திருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்றும் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் தெரியாமல் தப்பான இடத்தில் நின்ற வேலிக்கு இதையெல்லாம் காட்டுவது கடினம். உங்கள் அப்பா ‘மாடு கட்ட வச்சுக்கப்பா’ என்று வாய்வார்த்தையாக விட்டிருந்தால் அது அனுமதி. அனுமதியோடு இருந்த வருஷங்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அப்பா காலமான பிறகு, அனுமதி இருந்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும். இன்றைக்கே இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப என் வேலியும் 25 வருஷமா இருக்கு. ‘இது என் நிலம்தான், இல்லாட்டியும் 12 வருஷம் ஆச்சு’ன்னு ரெண்டையும் சொல்லிடலாமா?

சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. மாட்டிக்கொள்வதும் அங்கேதான். எதிரிடை அனுபவம் கோர முதலில் அந்த நிலம் மற்றவருடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரப்படி என்னுடையது என்பதும் எதிரிடை அனுபவம் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொல்லியிருக்கிறது. 2019-இல் இன்னொரு தீர்ப்பில், எதிரிடை அனுபவத்தைத் தற்காப்பாக மட்டுமல்ல, வாதியாகவே வழக்குப் போட்டும் கோரலாம் என்றது. வழி திறந்திருக்கிறது, ஆனால் இரண்டு குதிரையில் ஏற முடியாது. அளந்து பார்த்து, பத்திரப்படி உங்களுடையது என்று வந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு அந்தப்பக்கம் கோயில் நிலம். இன்னொரு பக்கம் வாய்க்கால் புறம்போக்கு. அங்கயும் இதே கணக்குதானா?

இல்லை. அரசு நிலத்துக்கு 12 அல்ல, 30 ஆண்டு. அதுவும் நீர்நிலை, வாய்க்கால், பாதை என்றால் எத்தனை ஆண்டானாலும் நம்பாதீர்கள், ஆக்கிரமிப்பு அகற்ற நோட்டீஸ் வரும். கோயில் நிலத்துக்கு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது, கால அவகாசம் கடந்தது என்ற வாதம் அங்கே செல்லாது. தெரியாமல் உள்ளே வந்திருந்தால் நீங்களே வேலியைப் பின்னால் எடுத்துக்கொள்வதுதான் மலிவு.

சர்வேயர் எனக்குச் சாதகமா அளந்து கல் நட்டுட்டார். வேலியை நானே பிடுங்கிப் போட்டுடட்டுமா?

வேண்டாம். அளவை, எல்லை எங்கே என்று காட்டுகிறது. அவரைக் காலி செய்யும் அதிகாரத்தை உங்கள் கையில் கொடுக்கவில்லை. நிலைத்த அனுபவத்தில் இருப்பவர் ஆக்கிரமிப்பாளராகவே இருந்தாலும், உரிமையாளரே ஆனாலும் சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் உறுதியாகப் பிடித்திருக்கும் நிலை. பிடுங்கிப் போட்டால் அதுவரை குற்றவாளியாக இருந்தவர் வாதியாகிவிடுவார்.

எங்க வேலியை ராத்திரியோட ராத்திரியா ஜே.சி.பி. விட்டு எடுத்துட்டாங்க. போலீஸ்ல ‘சிவில் மேட்டர்’னு சொல்லி அனுப்பிட்டாங்க.

எல்லை எங்கே என்பது சிவில் விஷயம்தான், ஸ்டேஷனில் அதைத் தீர்க்க முடியாது. வேலியை உடைத்ததும் அத்துமீறி நுழைந்ததும் குற்றம். மனுவில் நிலக்கதையை நாலு பக்கம் எழுதாமல் எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன உடைந்தது, யார் பார்த்தது என்று மட்டும் எழுதுங்கள். அரசு ஊழியர் நட்ட எல்லைக் கல்லையும் பிடுங்கியிருந்தால் அது தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. மனு ரசீது வாங்காமல் வராதீர்கள். அடிதடி ஆகும் நிலை என்றால் கோட்டாட்சியர் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்க முடியும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. அனுபவத்திலிருந்து உங்களைச் சட்டவிரோதமாக அகற்றினால், உரிமையை நிரூபிக்காமலே அனுபவத்தை மட்டும் காட்டி நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். குறித்தவகை நிவாரணச் சட்டம் 6-ஆவது பிரிவு. ஆனால் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். பஞ்சாயத்துப் பேசிப் பேசியே அந்த ஆறு மாதம் கரைந்துபோவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கோர்ட்டுக்குப் போனா ‘தடை’ வாங்கிட்டா போதுமில்ல?

எல்லோரும் முதலில் கேட்பது தடை உத்தரவுதான். நிலம் யாருடையது என்பதிலேயே தகராறு இருக்கும்போது வெறும் தடை வழக்குப் போதாது, உரிமையை விளம்புகை செய்ய, அதாவது நிலம் உங்களுடையது என்று கோர்ட்டே அறிவிக்கக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் விளக்கியிருக்கிறது. எதிராளி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தால் அனுபவத்தை மீட்டுத் தரவும் சேர்த்துக் கேட்க வேண்டும். என்ன கேட்கிறோம் என்பதைத் தப்பாகப் போட்டு, பல வருஷம் நடத்தி, கடைசியில் அதனாலேயே தோற்றவர்கள் உண்டு.

வழக்குப் போட்டதும் வக்கீல் ஆணையர் நியமிக்க மனுப் போடச் சொல்லுங்கள். அவர் சர்வேயரோடு வந்து, இரு தரப்பையும் வைத்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார். வேலி வழக்கில் பாதி அந்த அறிக்கைதான், அதனால் அளக்கும் நாளில் மேலே சொன்ன கவனம் இங்கேயும் வேண்டும். எதிராளி உங்களுக்குத் தெரியாமல் தடை வாங்கிவிடுவாரோ என்ற பயம் இருந்தால் கேவியட் மனு போட்டு வைக்கலாம், 90 நாள் செல்லும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். நூறடி நீள வேலி ஒன்றரை அடி தள்ளியிருந்தால் 150 சதுர அடி, அதாவது சென்டில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் ஊர் விலையில் அது எவ்வளவு, கோர்ட் கட்டணமும் வக்கீல் பீஸும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

லே-அவுட் மனைங்க. என் மனையில மூணு அடி அவர் வீடு இருக்கு. அவரைக் கேட்டா, அவர் மனையில அடுத்தவர் இருக்காராம்.

வரிசையில் முதலில் வீடு கட்டியவர் தப்பான முளையைப் பிடித்துக் கட்டியிருப்பார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று மொத்த வரிசையும் நகர்ந்திருக்கும். கடைசி மனைக்காரர் ரோட்டில் நிற்பார், அல்லது அவருக்கு மட்டும் இடம் தாராளமாக இருக்கும். உங்கள் மனையை மட்டும் அளந்தால் எதுவும் தெரியாது. அங்கீகரித்த லே-அவுட் வரைபடத்தை வைத்து, வரிசையின் இரண்டு முனை ரோட்டிலிருந்தும் அளந்து வர வேண்டும். கட்டிய வீட்டை யாரும் இடிக்கப் போவதில்லை என்பதால் இதற்குப் பெரும்பாலும் பணமாகவோ இடமாகவோ ஈடுகட்டித்தான் முடிகிறது.

வேலியில நிக்கிற வேப்பமரம் யாருக்கு? அவங்க தென்னை வேற எங்க ஓட்டு மேல சாயுது.

அடிமரம் எந்த நிலத்தில் இருக்கிறதோ அவருடையது. சரியாகக் கோட்டின் மேல் நின்றால் இருவருக்கும் பொது, ஒருவர் மட்டும் வெட்டக் கூடாது. உங்கள் பக்கம் நீண்ட கிளையை எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெட்டினால் சண்டை வராது. அதற்காக அவர் பக்கம் ஏறி நின்று வெட்டக் கூடாது. வீட்டின் மேல் விழும் நிலையில் உள்ள தென்னைக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நகலை ஊராட்சிக்கும் அனுப்புங்கள்.

அந்த வேலி ஓரமாத்தான் நாங்க தோட்டத்துக்குப் போயிட்டு வருவோம். இப்ப அடைச்சுட்டாங்க.

இது எல்லைத் தகராறு அல்ல, வழித்தடம். நிலம் அவருடையதாகவே இருந்து, வழி உங்களுக்கு இருக்கலாம். வசதியுரிமைச் சட்டம் 1882-இன்படி 20 ஆண்டு இடையூறில்லாமல், உரிமையாக நடந்திருந்தால் அந்த வழியைக் கோரலாம். அதற்கு எதிரிடை அனுபவம் பேசத் தேவையில்லை, இரண்டையும் குழப்பி மனு எழுதாதீர்கள்.

பழைய முள்வேலியை எடுத்துட்டு காம்பவுண்டு கட்டப் போறேன். பாதிச் செலவு அவர் தரணும்தானே?

அப்படிச் சட்டம் இல்லை. முன்பே பேசி எழுதியிருந்தால்தான் கேட்க முடியும். கட்டுவதென்றால் அளந்து, அஸ்திவாரம் உட்பட முழுதும் உங்கள் பக்கம் வரும்படி கட்டுங்கள். மேலே சுவர் சரியாக இருந்து கீழே அஸ்திவாரக் கல் அரையடி அந்தப் பக்கம் போன வழக்குகள் உண்டு. பழைய வேலியைப் பிடுங்கும் முன் இரண்டு பக்கத்திலிருந்தும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். வேலி போன பிறகு அது எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கிட்டோம். வெள்ளைத் தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கினா போதுமா?

எல்லை இதுதான் என்று ஒப்புக்கொள்வது மட்டும் என்றால், படத்தோடு எழுதிய ஒப்பந்தம் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். ஒரு பக்கத்து நிலம் மறு பக்கம் போகிறது என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். கொடுத்து வாங்குவது பரிவர்த்தனைப் பத்திரம், பணத்துக்கு விடுவது கிரயப் பத்திரம், பத்திரத்தில் அளவு தப்பாக எழுதியிருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம். எதுவானாலும் அளவோடு வரைபடம் இணைத்து, பிறகு உட்பிரிவும் பட்டா மாற்றமும் செய்துவிடுங்கள். அதை விட்டால் உங்கள் பிள்ளைகள் காலத்தில் இதே வேலி திரும்ப வரும்.

வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யலாம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம், வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள்.

நிலம் வாங்கப் போறேன். வேலி போட்டு பக்காவா இருக்கு. அளக்கணுமா?

வேலி பக்காவாக இருப்பதால்தான் அளக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன், விற்பவர் பேரிலேயே விண்ணப்பிக்கச் சொல்லி, பக்கத்துக்காரர்களும் இருக்கும்போது அத்து காட்டிக் கல் நட்ட பிறகு கிரயம் பேசுங்கள். அவர் தயங்கினால் காரணத்தை அவரிடம் கேட்காதீர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய்க் கேளுங்கள். பத்திரம் எழுதும்போது பழைய பத்திரத்தின் அளவை அப்படியே காப்பி அடிக்காமல், இன்று அளந்த அளவையும் வேலி கோட்டிலிருந்து எத்தனை அடி உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.